ஒரு முழம் பின்னால்

வாருங்கள் சார். செருப்பு அங்கேயே இருக்கட்டும். லிஃப்ட் ஓடவில்லையா? மூன்று மாடியும் ஏறித்தான் வந்தீர்களா? அதற்காகவாவது உங்களிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.

உட்காருங்கள். சென்னையிலிருந்து காலை ரயிலைப் பிடித்து, நம் அப்பா காலத்து லென்ஸ் ஒன்றை வாங்க ஒருவர் கோயமுத்தூர் வரைக்கும் வருகிறார் என்றால் நோய் முற்றிவிட்டது என்று அர்த்தம். தப்பாக நினைக்காதீர்கள், எனக்கும் அதே நோய்தான். தமயந்தி, சார் வந்துட்டாரு, காபி கொண்டா. என் மனைவி. இப்போதுதான் அந்தக் கதவு வரை வந்து பார்த்துவிட்டுப் போனாள். நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்.

பெட்டி இதோ. திறக்கலாம், அவசரமில்லை. இல்லை, அவசரம்தான். ஆறு மணிக்குள் இந்த லென்ஸ் இந்த வீட்டை விட்டுப் போயிருக்க வேண்டும். ஆறு மணிக்குப் பொள்ளாச்சியிலிருந்து என் மச்சான் தண்டபாணி வருகிறார். என் மனைவிக்குக் கூடப்பிறந்த ஒரே அண்ணன். மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வருகிறார், சம்சாரத்தோடு. வந்து வைத்தால் என் மனைவிக்குப் பிறந்த வீடு உண்டு. வைக்காமல் போனால் இல்லை, அவ்வளவுதான் விஷயம். அவர்கள் வருவதற்கு ஒரே நிபந்தனை, இந்த லென்ஸ் இங்கே இருக்கக்கூடாது.

ஒரு லென்ஸுக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் என்ன சம்பந்தம் என்று பார்க்கிறீர்கள். சொல்கிறேன். சொல்லாமல் என்னால் விற்க முடியாது. நான் பம்புசெட் கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறவன். வார்ப்பில் மயிரிழை விரிசல் இருந்தாலும் சிவப்பு பெயிண்டால் ஒரு பெருக்கல் குறி போட்டு ஒதுக்கிவிடுவேன். ஃபவுண்டரியில் எனக்குப் பெருக்கல் குறி என்றுதான் பெயர், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படிப்பட்டவன் ஒரு பொருளை விற்றால் குறையை முதலில் சொல்லித்தான் விற்பான்.

கையில் வாங்கிப் பாருங்கள். கனம் தெரிகிறதா? முழுக்க உலோகம். ஓரத்தில் கறுப்பு தேய்ந்து பித்தளை தெரிகிறதே, அது ஒரு குறை. முன் கண்ணாடியில் கீறல், வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், அங்கேதான். ரஷ்யாவில் இதை முன்பு வைத்திருந்த யாரோ ஒரு மனிதர் சட்டை நுனியால் துடைத்திருக்கிறார். என்ன அவசரமோ அவருக்கு. உள்ளே ஒரு பொட்டுப் பூஞ்சை. ஓரங்களில் தெளிவு போதாது. வெயிலுக்கு எதிரே பிடித்தால் படம் முழுக்க ஒரு ஆவி படரும், வெந்நீர் அண்டாவைத் திறந்தது மாதிரி. அந்த ஆவிக்குள்ளே ஒரு முகம் வரும் பாருங்கள் சார். இன்றைய லென்ஸ் முகத்தைப் பட்டியல் போட்டுக் கொடுக்கும், மூக்கில் இத்தனை துவாரம் என்று. இது அப்படி இல்லை. இது பார்த்ததைச் சொல்லாது, நினைத்துக்கொண்டதைச் சொல்லும்.

இதை நான் என்னையே கேட்டிருக்கிறேன். காலையில் ஒரு விரிசலுக்காக நல்ல வார்ப்பை உடைத்து உருக்கச் சொல்கிறவன், சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஒரு கீறலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே, இவன் எந்த ஆள்? பகலில் இருப்பவன் பொய்யா, சாயங்காலம் இருப்பவன் பொய்யா? ஐம்பத்து நாலு வயதில் இதற்கு விடை தெரியவில்லை. தமயந்தியிடம் ஒருநாள் கேட்டேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள், "கம்பெனில குத்தம் கண்டுபிடிச்சுப்போட்டு வந்து வீட்ல குத்தத்தக் கொஞ்சறீங்க. நடுவுல இருக்கறத எப்பப் பாப்பீங்களோ." நடுவில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். அவளுக்குத் தத்துவம் வராது.

ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன், எனக்கு அதைச் சொல்லப் பிடிக்கும். மற்ற கேமராவில் லென்ஸ் வழியாகத்தான் பார்க்கிறோம். இதில் லென்ஸ் தன்பாட்டுக்கு ஒன்றைப் பார்க்கிறது, நாம் மேலே உள்ள சின்ன ஜன்னல் வழியாக வேறொன்றைப் பார்க்கிறோம். மூடியைக் கழற்றாமலே ஒரு ரோல் முழுக்க எடுத்தவர்கள் எங்கள் புகைப்படச் சங்கத்தில் உண்டு. ஜன்னலுக்கு நடுவில் ஒரு மஞ்சள் கட்டம். அதற்குள் எதிரே நிற்கிறவர் இரண்டு பேராகத் தெரிவார், ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தாற்போல. வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டு பேரும் நெருங்கி நெருங்கி ஒரே ஆளாகிவிடுவார்கள். அந்த நொடியில் கிளிக். சத்தமே இருக்காது, நாக்கை மேலண்ணத்தில் தட்டினாற்போல. அந்த இரண்டு ஒன்றாகிற நொடிக்காகத்தான் நான் இதில் விழுந்தேன். என் வேலையில் எல்லாம் ஒன்று இரண்டாக உடைவதைத்தான் பார்க்கிறேன்.

ஆனால் ஜன்னலில் பார்க்கும்போது எல்லாமே தெளிவாக இருக்கும். எது தெளிவு, எது மங்கல் என்று ஃபிலிம் கழுவி வந்த பிறகுதான் தெரியும். இங்கேதான் சார் பெரிய குறை ஆரம்பம்.

பங்குனியில் இந்த லென்ஸ் தபாலில் வந்தது. பிரித்துக் கேமராவில் மாட்டினேன். மரை அப்படியே உட்கார்ந்தது, எண்ணெய் போட்டாற்போல. தமயந்தி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னைய ஒண்ணு எடுங்க" என்றாள். இது முகம் எடுக்கிற லென்ஸ்தான். ஆனால் முதல் ரோல் என்பது பரீட்சை. பரீட்சைக்கு நல்ல சுருக்கம் விழுந்த முகம் வேண்டும், அல்லது வழவழவென்று குழந்தை முகம் வேண்டும். "உன்னுது ரெண்டுங்கெட்டானா இருக்குது, அப்புறம் பாக்கலாம்" என்றேன். நியாயமான பதில்தானே? அவளும் நியாயமாகத்தான் எடுத்துக்கொண்டாள். ஏற்கெனவே துடைத்திருந்த தோசைக்கல்லை மறுபடி துடைத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூ மார்க்கெட்டுக்குப் போனேன். அவளும் பூ வாங்க வந்தாள். ஒரு பூக்கார அம்மா, முகமெல்லாம் கோடு, மூக்குத்தி, கேட்டு வாங்கினாற்போல அமைந்தது. எதிரே குந்தி உட்கார்ந்து, இரண்டை ஒன்றாக்கி, எட்டுப் பத்துப் படம் எடுத்தேன். ஃபிலிம் சென்னைக்குப் போய் ஸ்கேன் ஆகி வர இரண்டு வாரம். வந்ததைத் திறந்து பார்த்தால் பூக்கார அம்மா ஒரு புகை மூட்டம். மூக்குத்தி ஒரு மஞ்சள் பந்து. அவர் தோளுக்குப் பின்னால், கையில் ஒரு முழம் மல்லிகையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு முடியையும் எண்ணுகிற மாதிரி, தமயந்தி.

எனக்கு வந்த எரிச்சல் சொல்ல முடியாது. அவளைக் கூப்பிட்டு, இந்தப் பாழாய்ப்போன படத்தைப் பார் என்றேன். அவள் கையைத் துடைத்துவிட்டு வந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். கழுத்தை ஒருபக்கம் சாய்த்துப் பார்த்தாள். அப்புறம் கேட்டது இதுதான்:

"அந்தம்மாவுக்கு எத்தன பின்னால நின்னிருப்பேனுங்க?"

"ஒரு முழம் இருக்கும்."

"ஒரு முழம்" என்று அவளும் ஒருதரம் சொல்லிக்கொண்டாள். பூ வாங்குகிறவள் இல்லையா, முழம் என்றால் கையில் இருக்கும்.

அதற்கப்புறம் சார், நடந்ததெல்லாம் தற்செயல். இதுவரை என்னோடு படம் எடுக்க ஒருநாளும் வராதவள், ஞாயிற்றுக்கிழமை ஆனால் தலைவாரிக் கிளம்பி நின்றாள். சர்க்கரை இருக்கிறது, டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார், அதனால்தான். கீழே வாட்ச்மேனை எடுத்தேன். அந்த நேரம் பார்த்துப் பால் பாக்கெட் விஷயமாக அவரிடம் பேச வந்து பின்னால் நின்றாள். எங்கள் சங்கத் தலைவர் நல்ல தாடிக்காரர், பார்க்கில் பெஞ்சில் உட்காரவைத்து எடுத்தேன். பின்னால் வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு இவள். எதிர்வீட்டுக் குழந்தையை எடுத்தால், குழந்தை விழுந்துவிடும் என்று பிடிக்க வந்தவள். எல்லாரும் புகை, எல்லாவற்றிலும் இவள் தெளிவு. ஒருமுறை கோபமாகவே சொன்னேன், வலப்பக்கம் நிக்காத, வெளிச்சத்த மறைக்கற. உடனே கேட்டுக்கொண்டாள். இடப்பக்கம் போய் நின்றாள்.

நான் விடவில்லை. காரணத்தைக் கண்டுபிடித்தேன். கேமராவுக்கு ஒரு நாட்டு அளவு, லென்ஸுக்கு ஒரு நாட்டு அளவு. மரை ஒன்றுதான், பொருந்திவிடுகிறது. ஆனால் உள்ளே தூரத்தை அளக்கிற கணக்கு வேறு. கேமரா இதுதான் ஆள் என்கிறது, லென்ஸ் சரி சரி என்று தலையாட்டிவிட்டுப் பின்னால் இருப்பவரைப் பார்க்கிறது. வெளியில் இருந்து பார்த்தால் கச்சிதமாகப் பொருந்தின ஜோடி. முப்பது வருஷம் ஓடினாலும் ஒருத்தருக்கும் தெரியாது. இதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் தமயந்தியைக் கூப்பிட்டு வெர்னியர் அளவுகோல் வைத்து விளக்கினேன். அவள், "அப்படீங்களா, பொருந்திப்போச்சுன்னு பாத்தா பார்வை வேற பக்கமா" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். சிரித்தாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது சார்?

சரிசெய்ய ஆள் இருக்கிறார். உங்கள் ஊர்ப் பாரிமுனையில் ஹபீப் பாய் என்று ஒருவர், போனில் கேட்டேன், ஒரு தகடு வைக்கிற வேலை, உட்கார்ந்திருக்கும்போதே முடித்துத் தருவேன் என்றார். அனுப்பலாம் என்று பார்த்தால் தமயந்திதான், அவ்வளவு தூரம் எதுக்குங்க, வழியில ஒடஞ்சு போனா என்று தடுத்தாள். பொருளின் மேல் அக்கறை. நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். இரண்டை ஒன்றாக்கு, பிறகு ஒரு முழம் பின்னால் நகர், பிறகு கிளிக். நகர்ந்துவிட்டால் தெளிவு முன்னால் உள்ளவர் மேல் வந்து விழும். சுவரைப் பார்த்துப் பழகினேன், சரியாக வந்தது.

ஆனியில் மச்சான் மகள் சாருலதாவுக்குக் கல்யாணம் உறுதியானது. எங்கள் பக்கம் பேச்சு முடிந்ததும் உப்புச் சர்க்கரை மாற்றுவோம், வீட்டோடு நடக்கிற விசேஷம். ஸ்டூடியோ ஆள் எதற்கு, நான் எடுக்கிறேன் என்று வலியப்போய்ச் சொன்னேன். மச்சானுக்குச் சந்தோஷம். அவர் சம்சாரம் பூங்கோதைக்கு யோசனைதான், ஆனாலும் என்னை அண்ணா என்று கூப்பிடுகிற பெண், மறுக்க முடியவில்லை. அன்றைக்கு ஆளாளுக்குப் போனைத் தூக்கினார்கள். என் படத்துக்குக் குறுக்கே வரக்கூடாது, எல்லாரும் உள்ளே வையுங்கள் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். வைத்துவிட்டார்கள். பொள்ளாச்சியில் என் பேச்சுக்கு அவ்வளவு மரியாதை இருந்தது அப்போது.

முன்கூடத்தில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் உட்காரவைத்தார்கள். எங்கே நிற்பது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். "பீரோகிட்ட நில்லுங்க, அங்கதான் வெளிச்சம் நல்லா இருக்குது" என்றாள் தமயந்தி. உண்மையிலேயே நல்ல வெளிச்சம். நின்றேன். இரண்டை ஒன்றாக்கினேன். ஒரு முழம் பின்னால் நகர வேண்டும். முதுகில் பீரோ. முன்னால் சனம். அசைய முடியவில்லை. முகூர்த்தம் போய்க்கொண்டிருக்கிறது. கண் கணக்கில் வளையத்தைக் கொஞ்சம் திருப்பித் திருப்பி எடுத்துத் தள்ளினேன். அத்தைக்காரி பெண்ணுக்குப் பின்னால் நிற்பது முறைதானே? புதுப் பச்சைச் சேலை கட்டி, தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முறைப்படி நின்றாள், அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

படங்கள் வந்தன. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெண் ஒரு சிவப்புப் புகை, மாப்பிள்ளை ஒரு வெள்ளைப் புகை. நடுவில் பச்சைச் சேலையில் என் மனைவி, ஒன்று பாக்கி இல்லாமல். ஒன்றில் பக்கவாட்டில் பார்க்கிறாள், ஒன்றில் காதோர முடியை ஒதுக்குகிறாள், ஒன்றில் நேரே என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். விசேஷ வீட்டில் புகைப்படக்காரனைப் பார்த்துச் சிரிக்கிற பழக்கம் அவளுக்கு எப்போது வந்தது என்று தெரியவில்லை.

அனுப்பாமல் இருக்க முடியுமா? அனுப்பினேன். பூங்கோதை அவசரத்தில் சரியாகப் பார்க்காமல் மாப்பிள்ளையின் அக்காவுக்கு அனுப்பிவிட்டாள், அமெரிக்காவில் இருக்கிறவர்களுக்கு. அவர்கள் போன் போட்டு, பச்சைச் சேலையில இருக்கறது யாரு, அவ்வளவு லட்சணமா இருக்காங்களே, பொண்ணோட அம்மாவா என்று கேட்டிருக்கிறார்கள். அம்மாவிடமே கேட்டிருக்கிறார்கள் சார்.

பூங்கோதை எனக்குப் போன் செய்தாள்.

"ஏனுங்கண்ணா, எங்கூட்டு விசேஷத்த எடுக்க வந்தீங்களா, உங்க சம்சாரத்த எடுக்க வந்தீங்களா?"

நான் பொறுமையாக மரையையும் அளவையும் விளக்கினேன். பாதியில் வைத்துவிட்டாள். தமயந்தி பக்கத்தில் நின்று, என்ன சொன்னாங்க என்றாள். அமெரிக்கா விஷயத்தைச் சொன்னேன். "அப்படியா கேட்டாங்க?" என்றாள். ஆமாம் என்றேன். "லட்சணம்னா?" என்று மறுபடி கேட்டாள். மறுபடி சொன்னேன். பாவம், அண்ணிக்கு இப்படி ஒரு அவமானம் நேர்ந்துவிட்டதே என்று அவளால் நம்பவே முடியவில்லை. மூன்றாம் தரமும் சொல்லச் சொன்னாள்.

அதோடு போயிருக்கும். ஆனால் அந்தச் சிரிக்கிற படத்தை எடுத்து, பெண்ணை வெட்டிவிட்டு, தன் வாட்ஸப்பில் முகப்புப் படமாக வைத்துவிட்டாள். வெட்டியும் சாருலதாவின் ஒரு தோள் ஓரத்தில் புகையாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. பூங்கோதை பார்த்தாள். அன்றோடு பொள்ளாச்சி வாசல் சாத்தியது. எடுத்துவிடு என்று நான் சொல்லிப் பார்த்தேன். எப்படி எடுக்கறதுன்னு தெரியலீங்க என்றாள். வைக்கத் தெரிந்தவளுக்கு எடுக்கத் தெரியாதா? செல்போன் விஷயத்தில் இவர்கள் அப்படித்தான்.

சிரிப்பாகச் சொல்கிறேன், ஆனால் ஆடி பதினெட்டுக்கு அவள் அண்ணன் வீட்டுக்குப் போகாத வருஷம் இதுதான் முதல். காலையில் குளித்துச் சேலை மாற்றி, பையில் பழம், தேங்காய் எல்லாம் எடுத்துவைத்து, பால்கனியில் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் கூப்பிடுவார் என்று. சாயங்காலம் பையைப் பிரித்துத் தேங்காயை உடைத்துச் சட்னி அரைத்தாள். அன்றைக்கு நான் கேமராவைத் தொடவில்லை. ஒரு லென்ஸ் ஒரு முழம் தப்பாகப் பார்த்ததற்கு ஒரு மனுஷிக்கு இவ்வளவா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவளைத்தான் நான் எத்தனை முறை படம் எடுத்திருக்கிறேன் என்றும் யோசித்தேன். கல்யாண ஆல்பம் ஸ்டூடியோக்காரர் எடுத்தது. பாஸ்போர்ட்டுக்கும் ஸ்டூடியோவுக்குத்தான் அனுப்பினேன். அப்புறம் யோசனை வேறு பக்கம் போய்விட்டது, பூஞ்சைக்கு என்ன மருந்து என்று.

போன வாரம் பூங்கோதையிடமிருந்து போன். அவளாகச் செய்திருக்க மாட்டாள், மச்சான் சொல்லித்தான் பேசியிருக்க வேண்டும். அந்தக் கண்ணாடி வீட்டை விட்டுப் போய்விட்டது என்றால் பத்திரிகை வைக்க வருகிறோம், கல்யாணத்துக்கு வந்து நின்று மறுபடி மானத்தை வாங்கக்கூடாது என்று. தமயந்தி போனை வைத்துவிட்டு வந்து, "வித்துப்போடுங்க" என்றாள். அவ்வளவுதான். நான் விளம்பரம் போட்டேன், நீங்கள் வந்தீர்கள். விலையைப் பற்றி எனக்குப் பேச்சே இல்லை, நீங்கள் சொன்னதுதான். ஆனால் இத்தனை குறையையும் கேட்ட பிறகு வாங்குவீர்களா என்பதுதான், என்ன, வாங்குகிறீர்களா? இப்போது இன்னும் அதிகமாகப் பிடித்திருக்கிறதா? நான் சொன்னேனே சார், நோய் முற்றிவிட்டது.

பெல். அவர்கள்தான், அரை மணி முன்னாலேயே வந்துவிட்டார்கள். ஒரு உதவி செய்யுங்கள். லென்ஸையும் காபியையும் எடுத்துக்கொண்டு அந்த உள் அறைக்குள் போய்விடுங்கள். கதவு சாத்தியிருக்கட்டும். தும்மல் வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள்.

வாருங்கள் சார், போய்விட்டார்கள். மன்னித்துக்கொள்ளுங்கள். மின்விசிறி போட்டுக்கொண்டீர்களா? அங்கே உட்கார்ந்தபடி என்ன கேட்டதோ தெரியவில்லை. வைத்துவிட்டார்கள். தாம்பாளம், வெற்றிலை பாக்கு, பத்திரிகை, அத்தைக்குப் பட்டுச்சேலை, எல்லாம் முறைப்படி. மச்சான், "அம்மிணி, மொத நாளே வந்துரோணும்" என்றார். அவள் தாம்பாளத்தைக் கீழே வைக்காமலே தலையை ஆட்டினாள். எனக்கும் என்னவோ போல இருந்தது.

அப்புறம்தான் பூங்கோதை கேட்டாள், அந்தச் சனியன் போயிருச்சுங்களா என்று. நான் வாயைத் திறந்தேன். உள்ளே ஆள் உட்கார்ந்திருக்கிறார், இன்னும் பத்து நிமிஷத்தில் போய்விடும் என்று உள்ளபடி சொல்லத்தான் திறந்தேன். அதற்குள் தமயந்தி சொல்கிறாள்:

"நேத்தே வித்தாச்சுங்க நங்கை. மெட்ராஸ்காரரு ஒருத்தரு வந்து வாங்கிட்டுப் போயிட்டாரு."

அண்ணன் மனைவியை நங்கை என்றுதான் கூப்பிடுவாள், அவ்வளவு மரியாதையோடு ஒரு முழுப் பொய். கண் இமைக்கவில்லை. முப்பது வருஷத்தில் அவள் பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை சார். கேட்டும் எனக்குத் தெரியாமல் இருந்திருக்குமோ என்று இப்போது ஒரு சந்தேகம் வருகிறது. போகட்டும்.

அவர்களை லிஃப்ட் வரை கொண்டுபோய் விட்டேன். ஓடாத லிஃப்ட்தான், மரியாதைக்கு. பூங்கோதை முன்னால் படி இறங்கியதும் மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டு காதோரம் வந்தார். "மாப்ள, அந்தப் பச்சச் சேலப் படம் ஒண்ணு எனக்குப் பெருசாப் போட்டுக் குடுங்க. உங்க தங்கச்சிக்குத் தெரிய வேண்டாம்." சொந்த மகள் புகையாக இருக்கிற படத்தை ஏன் கேட்கிறார்? ஃபோகஸ் என்றால் என்னவென்று அந்த மனிதருக்கு யாராவது சொல்லித்தர வேண்டும்.

திரும்பி வந்தால் இவள் சமையலறையில் பட்டுச்சேலையைப் பிரித்துத் தோளில் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். சார் காத்துக்கிட்டு இருக்காரு, பணத்த வாங்கிட்டு லென்ஸக் குடுத்தர்லாம் என்றேன். "அது விக்கறதுக்கில்லீங்க. வந்ததுக்கு சாப்புட்டுப் போகச் சொல்லுங்க" என்றாள். நீதானே விற்கச் சொன்னாய் என்றேன். அது அப்ப என்றாள். கல்யாணத்துக்கு எடுத்துட்டு வாங்க, மேடைப் பக்கம் வேண்டாம், பந்தியில, தாழ்வாரத்துல, யாரையாச்சும் எடுத்துக்கிட்டு இருங்க என்றாள். நான் புறப்பட்டதும் பின்னாலிருந்து கூப்பிட்டு ஒன்று சொன்னாள். "தகடு கிகடு ஒண்ணும் வெச்சுராதீங்க. அது பாக்கறபடியே பாக்கட்டும்."

நான் என்ன சொல்லட்டும்? இதுதான் சார் என் குறை. லென்ஸின் குறையைச் சொல்லிவிடலாம். அவளுக்கு என்ன வேண்டும் என்று அவளாக ஒருநாளும் சொன்னதில்லை.

வெறும் கையோடு உங்களை அனுப்ப எனக்கு வெட்கமாக இருக்கிறது. கொஞ்சம் கிட்டே வாருங்கள், மெதுவாகப் பேசுகிறேன். நீங்கள் எப்படியும் சென்னைக்குத்தான் திரும்பப் போகிறீர்கள். இந்தப் பெட்டியை உங்கள் பைக்குள் வையுங்கள். விற்பனை இல்லை, உதவி. பாரிமுனையில் ஹபீப் பாயிடம் சேர்த்துவிடுங்கள், முகவரி அனுப்புகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் அவரே திருப்பி அனுப்பிவிடுவார். அவளிடம் சொல்லப்போவதில்லை. வெளியில் பார்த்தால் அதே லென்ஸ், அதே கீறல், அதே பித்தளை, என்ன தெரியும் அவளுக்கு? யாரை எடுத்தாலும் அவர் மேலேயே தெளிவு விழும். எந்தப் புகையும் இருக்காது, எந்தப் பேச்சும் வராது. அவள் வேண்டாம் என்றுதான் சொல்வாள். அவளுக்கு நல்லது எது என்று நான்தானே பார்க்க வேண்டும்?

ஏன் பெட்டியை இந்தப் பக்கம் தள்ளுகிறீர்கள்? கனமெல்லாம் ஒன்றும் இல்லை. என்ன சார், சிரிக்கிறீர்கள்? நான் ஏதாவது தப்பாகச் சொன்னேனா? உள்ளே இருந்தபோது அவள் வந்து உங்களிடம் ஏதாவது பேசினாளா? இல்லையா? அப்புறம் ஏன் நீங்களும் அவளைப் போலவே சிரிக்கிறீர்கள்?

சரி, பெட்டி இருக்கட்டும். சத்தம் வேண்டாம். திரும்பிப் பார்க்காதீர்கள். உங்கள் நாற்காலிக்குப் பின்னால்தான் நிற்கிறாள், டம்ளர் எடுக்க வந்தவள், தோளில் அந்தச் சேலையோடு. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை.